ஆறைப் போடுங்க!

“ஆறு வேணும்னு கேளுங்க சித்தி! ஓடுற ஆறு இல்ல, அஞ்சுக்கு அடுத்த ஆறு!”

போனை வைத்தவனைப் பார்த்து, இஸ்திரிப் பெட்டியும் கையுமாக நின்ற மனைவி சிரித்தாள். “நாலு பேர் போற வழியில போகணும்னு சொல்வாங்க. ஊரே நாலுல ஓடுது, உங்களுக்கு மட்டும் எதுக்கு ஆறு?”

“இன்டர்நெட்டுக்கான நாலாம் வகை ஐபி விலாசம் உலகத்துலயே தீந்துபோச்சு. தெருவுக்கே சேர்த்து ஒரே விலாசத்தைக் குடுத்திருக்காங்க. வெளிய இருந்து நம்ம வீட்டு கேமராவைத் தேடினா, வீடு தெரியாம திரும்பிடுது. ஆறாம் வகைன்னா வீட்டுக்கு வீடு தனி விலாசம் கிடைக்கும். அப்பா படுக்கையில இருக்கார். வேலை நேரத்துல அவரை ஒரு எட்டு பாக்க முடியுதா?”

“நாலு, ஆறு, இப்ப எட்டா?” என்றவளின் சிரிப்பு பாதியில் நின்றது. முந்தாநாள் இருவரும் வேலைக்குப் போயிருந்தபோது மாமனார் கட்டிலிலிருந்து விழுந்து அரைமணி நேரம் தரையில் கிடந்ததை அவளும் மறக்கவில்லை.

ஆறாம் வகைக்கென்றே வாங்கிய புது ரூட்டர், மேசையில் மாதக்கணக்கில் காத்திருந்தது. பெண் ரெடி, மாப்பிள்ளையைத்தான் காணோம். இணைய நிறுவனம் அசைந்து கொடுக்கவே இல்லை.

“இருபத்தஞ்சு வீடு கேட்டாத்தான் ஆறு தருவாங்களாம். இன்னிக்குக் காலைல பத்து மணியோட கெடு முடியுது. சித்தியைச் சேர்த்து இருபத்துநாலு.”

“நம்ம வீடு?”

“நான் கூப்பிட்டா எடுபடாது. புகார் எடுக்குற பொண்ணுக்கு என் குரல் நல்லாத் தெரியும்.”

“ஓ, அவ்வளவு தூரம் பேசிப் பழக்கமா? வெச்சுக்கிறேன் உங்களை!” என்று தன் போனை எடுத்து எண்ணை அழுத்தினாள்.

மறுமுனைப் பெண் இனிமையாக இழுத்தாள். “நாலே நல்லாத்தானே மேடம் ஓடுது? இதைக் கொஞ்ச நாள் ஆறப் போடலாமே?”

“அதைத்தாம்மா நானும் சொல்றேன். ஆறைப் போடுங்க!”

புகார் பதிவானது. வரிசையில் இருபத்தைந்தாவது.

பத்து மணிக்கு இணைய நிறுவனத்தின் மேலாளர் பட்டியலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். “ஒருத்தரும் கேக்கலையேன்னு இத்தனை நாள் தட்டிக் கழிச்சேன். இனி முடியாது. எப்ப போடலாம்?”

“எல்லாம் தயாரா வெச்சிருக்கேன் சார். சாயங்காலமே போட்டுடலாம்” என்றான் அந்த நிறுவனத்தின் ஒரே நெட்வொர்க் இன்ஜினியர், மனைவி இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டையின் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு.