கை நனைச்சவன்

எங்க வீட்டுக்காரரு பிச்சுமணின்னா ஒரு காலத்துல தூத்துக்குடியே நடுங்கும், பாத்துக்கோங்க. இவரோட எதிராளி எசக்கிமுத்து இவரு முதுகுல வெட்டுனதுல கை கால் விழுந்துபோச்சு. பொறவு பக்கவாதம் வந்து பேச்சும் போச்சு. அதான் எம்மவன் ராசையா இவரு தலையில அந்த மிஷின மாட்டிவிட்டான். இவரு ஒண்ண நெனைக்க ஆரம்பிச்சாப் போதும், மிச்சத்த இவரோட பழைய பேச்செல்லாம் வச்சு அதுவே சொல்லிரும். அச்சு அசலா இவரு கொரலுதான்.

நேத்து அந்த எசக்கிமுத்துவே கெழடுதட்டி, கம்ப ஊனிக்கிட்டு வந்து நிக்கான். "அண்ணாச்சி, சாவுறதுக்குள்ள ஒங்ககிட்ட மன்னிப்பு கேக்கணும்."

மிஷின் ஒடனே, "வெட்டுங்கலே அவன!"ன்னுச்சு.

நான் இவரு கண்ணத்தான் பாத்தேன். பொலபொலன்னு தண்ணி. வேண்டாம் வேண்டாங்கிற மாதிரி இறுக்கி இறுக்கி மூடுதாரு.

"லேய், அப்பா கண்ணப் பாருலே!"

"அப்பாதான் வாயத் தொறந்து சொல்லுதாருல்லா, நீ சும்மா இரும்மா"ன்னு ராசையா அருவாள எடுத்துட்டான்.

எங்க வீட்டுச் சோத்துல கை நனைச்சவன் மேல கை வைக்கக்கூடாது. அது இவரு போட்ட சட்டம். ஓடிப்போயி சோத்துல கொழம்ப ஊத்திக் கொண்டாந்து, "மொதல்ல தின்னுய்யா"ன்னு நீட்டினேன். எசக்கிமுத்து ஒரு வாய் வச்சான். ராசையா அருவாளக் கீழ போட்டான். இவரு என்னப் பாத்தாரு பாருங்க, கலியாணத்தன்னிக்குக்கூட அப்படிப் பாக்கல.

மிஷின் நிதானமாச் சொல்லுச்சு: "நல்லாத் திங்கட்டும்லே. இவன் மவன் இன்னும் நம்ம வீட்டுல கை நனைக்கலல்லா?"

இவரு மறுபடியும் கண்ண இறுக்கி மூடுனாரு. ராசையா அதப் பாக்கவேயில்ல, அருவாளத்தான் தேடுனான்.