ரஷ்யா சால்வை

ஆஸ்டின் டவுன் வீட்டின் முன்னறையில் தை மாதத்து மாலை வெயில் டிவியின் மேல் சரிந்து, போர் வரைபடத்தின் பாதியை வெளுக்க வைக்கிறது. சந்திரசேகரனும் அம்புஜமும் நடுவில் பேசின் பாத்திரத்தை வைத்துக்கொண்டு ஊறிய அவரை விதைகளைப் பிதுக்குகிறார்கள். தோலை விட்டு நழுவும் பருப்பு தண்ணீரில் சின்னதாய்ச் சத்தம் போடுகிறது. சண்டைக்கு எந்த வல்லரசு காரணம் என்று டிவியில் நான்கு பேர் விளக்க, அவர்களுக்கும் மேலே சந்திரசேகரன் விளக்குகிறார். "நேட்டோ கிட்ட வருதுன்னு ரஷ்யாக்காரங்களுக்குப் பயம். பயம்னு சொல்லிக்கிட்டே பக்கத்து வீட்டுல பூந்துட்டாங்க." அம்புஜத்தின் தோளில் பழுப்புக் கம்பளிச் சால்வை. கல்யாணமான புதிதில், சந்திரசேகரனின் தொழிற்சாலைப் பயிற்சிக்காகக் கார்கிவ் நகரில் குடியிருந்தபோது எதிர் ஃபிளாட் ஒக்சானா பின்னிக் கொடுத்தது. அப்போது எல்லாம் ஒரே சோவியத் நாடு. இந்த வீட்டில் அதற்கு அன்றிலிருந்து ரஷ்யா சால்வை என்றுதான் பெயர்.

டிவியில் இப்போது கார்கிவ் வருகிறது. பனி படிந்த மாடிக் குடியிருப்பு, கண்ணாடி போன ஜன்னல்கள், ஒன்றில் மட்டும் காயப்போட்ட துணி. அம்புஜத்தின் விரல்கள் நின்றுவிடுகின்றன. "ஏங்க, நம்ம பில்டிங் மாதிரியே இல்ல?"

"அங்க எல்லாம் ஒரே மாதிரிதான் கட்டுவாங்க." சொல்லிவிட்டு அவர் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைக்கிறார்.

"இதை இனிமே ரஷ்யா சால்வைன்னு சொல்ல வேணாங்க."

"வேற என்னன்னு சொல்லுவ?"

ஈரக் கையைத் துடைக்காமலே அம்புஜம் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறார். "ஒக்சானா சால்வைன்னு. அவ பேரைச் சொல்லியே எவ்ளோ வருஷமாச்சு."