நாற்பத்தொன்பதாவது வரி

பழைய கணினி நாற்பத்தெட்டு என்றது. புதிய சர்வர் நாற்பத்தொன்பது என்றது.

கணினி வேலைக்கு வந்திருந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். மணி மூன்று இருபது.

நான்கு மணிக்குள் எங்கள் குடியிருப்பின் பழைய ஒதுக்கீட்டுப் பட்டியல் வீட்டுவசதித் துறையின் சர்வரில் ஏறியாக வேண்டும். அதில் பேர் இருப்பவர்களுக்கு வீட்டுப் பத்திரம். இல்லாதவர்கள் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மூட்டை கட்ட வேண்டிய ஒரே ஆள் வாசலோரம் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். தையல்காரி. ஜெனரேட்டர் ஷெட்டை ஒட்டிய அறையில் பத்தொன்பது வருஷமாகக் குடியிருப்பவள். அடுத்த வாரம் அந்த அறையை இடிக்கிறார்கள்.

தனக்கும் வீடு ஒதுக்கினார்கள், கடிதம் வருவதற்குள் பேர் காணாமல் போய்விட்டது என்பது அவள் கட்சி. சொன்ன தேதியில் ஒரு துணியைத் தைத்துக் கொடுத்ததில்லை, அவள் சொல்வதை யார் நம்புவார்கள்? நானே அந்தக் கதைக்குக் கை கால் வைத்து நாலு பிளாக்கிலும் உலாவ விட்டிருக்கிறேன்.

எனக்குச் சங்க அலுவலகத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். ஒரு வேலையும் இல்லை, எங்கள் வீட்டுக்காரர் செயலாளராக இருந்த நாளிலிருந்து வந்து உட்கார்ந்து பழக்கம். கதவு திறந்திருந்தது.

"அண்ணி, நீங்க வீட்டுக்குப் போங்களேன். முடிஞ்சதும் நானே வந்து சொல்றேன்," என்றார் செயலாளர். மீசைக்குப் போட்ட சாயம் வியர்வையில் இறங்கிக்கொண்டிருந்தது.

நான் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன். "ஒண்ணு எப்படிக் கூடும்?"

"இது அழிச்ச வரிம்மா," என்றாள் கணினி அம்மாள். "இந்தப் பழைய ஃபைல்ல எதை அழிச்சாலும் நிஜமா அழியாது. பக்கத்துல ஒரு நட்சத்திரத்தைப் போட்டு மறைச்சு வெச்சுக்கும். பழைய புரோகிராம் அதைக் காட்டாது. புதுசு எல்லாத்தையும் இழுத்துட்டு வந்துடுது."

அழித்தவருக்கு அது தெரிந்திருக்காது. திரையிலிருந்து போனால் ஒழிந்தது என்று எழுந்து போய்க் கை கழுவியிருப்பார்.

அந்த வரியைத் திறந்தாள். பேர் இருக்க வேண்டிய இடத்தில் கொம்பும் வாலுமாக ஏதோ கிறுக்கல். பழைய எழுத்துருவாம், மாற்றினால்தான் படிக்க வருமாம். எண்கள் மட்டும் எண்களாகவே இருந்தன.

வீட்டு எண்ணைப் படித்தேன். கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி படித்தேன். அதே எண்தான்.

செயலாளரும் படித்தார். படித்துவிட்டு என்னைப் பார்த்தார். என் காதில் விழுந்தால் நாலு பிளாக்குக்கும் தனியாக நோட்டீஸ் ஒட்ட வேண்டாம் என்பது அவருக்குத் தெரியும்.

"விட்டுடும்மா," என்றார், குரலைத் தாழ்த்தி. "காரணமில்லாமயா அழிச்சிருப்பாங்க? நாப்பத்தெட்டோட அனுப்பிடு."

"விடறதுன்னா இந்தக் கட்டத்துல ஒரு டிக்குதான் சார். ஆனா ஏத்தி முடிச்சதும் பழைய ஃபைலைத் தூக்கிடச் சொல்லியிருக்காங்க. இந்தத் தடவை நிஜமாவே அழிஞ்சிடும்."

அம்புக்குறி கட்டத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது. மணி மூன்று நாற்பது.

தையல்காரிக்கு இந்த நட்சத்திரக் கணக்கெல்லாம் எட்டவில்லை. புடவையில் ஒட்டியிருந்த நூலை எடுத்து விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

"என் பேரு வந்துச்சுங்களா?"

பஸ்ஸில் இறங்கும் இடம் தெரியாதவர்கள் கேட்பதுபோல மதியத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். செயலாளர் மின்விசிறியை ஆராய்ந்தார்.

எனக்கு வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியும். யாரும் நம்பமாட்டார்கள், ஆனால் தெரியும். இன்னும் இருபது நிமிஷம் மூடியிருந்தால் போதும், எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போயிருப்போம்.

"பேரைப் படிச்சுட்டு விடலாமே," என்றேன். குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

"அண்ணி!"

"ஏன் தம்பி, பேரு என்ன கடிச்சிடவா போகுது?"

கணினி அம்மாள் எதையோ தட்டினாள். கொம்புகளும் வால்களும் ஒவ்வொன்றாக எழுத்துகளாகின. அவள் உரக்கப் படித்தாள். பேர். அப்பா பேர். தொழில், தையல்.

வாசலில் நாற்காலி சாய்ந்து விழுந்தது. தையல்காரி வந்து, ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரலைத் திரையில் வைத்துத் தன் பேரைத் தானே ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

டிக் போடாமலே அம்புக்குறி நகர்ந்தது. மூன்று ஐம்பத்திரண்டுக்கு நாற்பத்தொன்பது வரிகளும் ஏறின.

"ஒரே வீட்டு நம்பர் ரெண்டு வரியில இருக்கே," என்றாள் கணினி அம்மாள், கண்ணாடியைக் கீழே இறக்கி. "விசாரணைக்கு எழுதணும். பதினாலுல இப்ப யாரு இருக்காங்க?"

செயலாளர் கைக்குட்டையால் மீசைச் சாயத்தைத் துடைத்தார். தையல்காரி திரையிலிருந்து கையை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நான்தான்," என்றேன். "அழிச்சது எங்க வீட்டுக்காரர்."