கொடியில் காயும் பாவாடைகள்

சமுதாயக்கூடத்துக்குள் நுழைந்ததுமே பிளீச்சிங் பவுடர் நாற்றம் மூக்கில் ஏறியது.

மாலை வகுப்பு எடுக்க வந்தவள் பின்பக்கம் ஓடினாள்.

கொடியில் ஐந்து பாவாடைகள். சொட்டிக்கொண்டிருந்தன.

கீழே சிங்காரம் குந்தியிருந்தார். முன்னால் அவருடைய சாமி மூட்டை அவிழ்ந்து கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

மழையில் குடிசைகள் மூழ்கியபோது நரிக்குறவர் குடும்பங்கள் இங்கே வந்தன. மற்றவர்கள் அரிசியும் பாத்திரமும் தூக்கி வந்தார்கள். சிங்காரம் அந்த மூட்டையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வந்தார்.

அதற்குள் இருந்தவை, எருமை பலி கொடுக்கும்போது அவர் வீட்டு ஆண்கள் உடுத்தும் பாவாடைகள். பாட்டன் உடுத்தியது, அப்பன் உடுத்தியது. ரத்தம் பட்டபடியே மடித்து வைப்பார்கள். தண்ணீர் படக் கூடாது. பெண்கள் தொடக் கூடாது.

அந்தக் கறையில்தான் அவர்களுடைய அம்மன் இருக்கிறாள். அது போனால் குடும்பத்துக்குச் சாமியே இல்லை.

அதனால் அவள் மூட்டை வந்த நாளிலிருந்து அது இருந்த மூலைப் பக்கம் துடைப்பத்தைக்கூடக் கொண்டுபோகவில்லை.

தன்னார்வலர் குழுத் தலைவர் முரளிதரன் கையைத் துடைத்தபடி வந்தார். நல்லது செய்யவே பிறந்த மகராசன். ஞாயிற்றுக்கிழமைத் தூய்மைப் பணியாம். இவர்கள் பாசிமணி விற்கப் போன நேரத்தில் எல்லாவற்றையும் வெளுத்துவிட்டார்களாம். இந்தக் கறைதான் லேசில் போகவில்லையாம்.

யாரையாவது கேட்டீர்களா என்றாள்.

அழுக்கைத் துவைக்க யாரைக் கேட்க வேண்டும் என்று சிரித்தார். சிங்காரத்தைக் கொடியருகே நிற்கச் சொல்லி செல்போனை வேறு எடுத்தார்.

அவளுக்குப் பளாரென்று ஒன்று வைக்கலாம் போலிருந்தது.

பாவாடைகளையாவது எடுத்து மூடி வைக்கலாம் என்று கை கொடிவரை போனது. பாதியில் நின்றது.

இப்போதும் அவள் தொடக் கூடாது.

விறுவிறுவென்று வாசலுக்குப் போனாள். முரளிதரனின் கார்க் கதவு திறந்தே இருந்தது. ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு கல் பிள்ளையார். மேலெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு, வருடக்கணக்கான சந்தனம், குங்குமம்.

பிடுங்கி எடுத்து வந்தாள். மிச்சமிருந்த பிளீச்சிங் தண்ணீரில் முக்கினாள். துணி தேய்க்கும் பிரஷ்ஷை எடுத்தாள்.

முரளிதரன் பதறி ஓடிவந்தார்.

"ஏங்க, அது சாமிங்க. எங்கப்பா வச்சுக் கும்பிட்டது."

சிங்காரம் அப்போதுதான் தலைநிமிர்ந்தார்.

அவள் இன்னொரு பிடி பவுடர் போட்டாள்.