செத்த ஜந்து சிரிக்க வேண்டும்

அவள் செத்து இரண்டு நிமிடம் ஆகிவிட்டது.

கட் சொன்னார்கள். கை தட்டினார்கள். அப்புறம் எல்லோரும் ஹீரோவைச் சூழ்ந்துகொண்டார்கள். கல்குவாரியின் நடுவில் வேற்றுக்கிரகத்து ஜந்து ஒன்று மல்லாந்து கிடப்பதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

ஜந்துவுக்குள் அவள் கிடந்தாள்.

பழைய மெத்தையின் ஸ்பாஞ்ச், கறுப்பு ரெக்சின். எட்டுக் கைகளுக்கும் சொட்டுநீர்ப் பாசனக் குழாய். கண்கள் இரண்டும் பைக் இண்டிகேட்டர். ரத்தத்துக்கு ஜவ்வரிசிக் கஞ்சியில் பச்சைக் கலர் கலந்திருந்தார்கள். யாரோ ஒரு புண்ணியவான் அதில் சர்க்கரையும் போட்டிருக்கிறான். எறும்பு உள்ளே வரைக்கும் வந்துவிட்டது.

இந்த அழகைப் பார்த்துப் படத்தில் உலகமே நடுங்குகிறதாம்.

பதினோரு வருடமாக அவள் டூப். கதாநாயகிகளுக்காக மாடியிலிருந்து விழுந்திருக்கிறாள். கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாய்ந்திருக்கிறாள். நாற்பது படத்தில் அவள் முதுகு இருக்கிறது. முகம் ஒன்றில்கூட இல்லை. தப்பித் தவறி முகம் தெரிந்தால் அந்த ஷாட் வீண். மறுபடியும் விழ வேண்டும்.

அவளுக்கு ஒரே ஓர் ஆசை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தன் முகம் அந்தக் கேமராவுக்குள் போய்விட வேண்டும்.

வெட்கமாகத்தான் இருந்தது. நாற்பத்திரண்டு வயதில் இதென்ன ஆசை! ஆனால் இருந்ததே, என்ன செய்ய?

குவாரி விளிம்பில் வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. இன்று கடைசி நாள். புரொடக்‌ஷன் மேனேஜர் தங்கப்பாண்டி பூசணிக்காயோடு வந்துவிட்டார். கற்பூரம் ஏற்றி, கேமராவுக்குச் சுற்றிப் போட்டு உடைத்துவிட்டால் படப்பிடிப்பு முடிந்தது. அப்புறம் கேமரா பெட்டிக்குள் போய்விடும்.

அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

“சார், நான் செத்துட்டேன்.”

டைரக்டர் இளஞ்செழியன் திரும்பிப் பார்த்தான். முதல் படம். தாடி மட்டும் பத்துப் படத்துக்கு உண்டு.

“சூப்பரா செத்தீங்கக்கா.”

“சிரிக்கவே விடலியே.”

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

சினிமாவில் சாகிறவர்கள், ஷாட் முடிந்ததும் கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட வேண்டும். நடித்த சாவு கூடவே வீட்டுக்கு வந்துவிடக் கூடாதல்லவா? எவ்வளவு பெரிய நடிகராக இருந்தாலும் பாடையிலிருந்து எழுந்து பல்லைக் காட்டிவிட்டுத்தான் காரில் ஏறுவார்.

அவளும் எத்தனையோ தடவை செத்திருக்கிறாள். மாடியிலிருந்து விழுவது அவள். அடுத்த ஷாட்டில் பிணமாகப் படுப்பது கதாநாயகி. சிரிப்பும் கதாநாயகிக்கே போய்விடும்.

இன்று செத்தது முழுக்க முழுக்க அவள்தான்.

“ஜந்துக்கெல்லாம் எதுக்கும்மா சாங்கியம்?” என்றார் தங்கப்பாண்டி. கற்பூரம் எரிய ஆரம்பித்திருந்தது. “மனுஷங்க செத்தாத்தான் அதெல்லாம்.”

“உள்ள இருக்கிறது மனுஷிதானேண்ணே.”

சாவு பயமெல்லாம் அவளுக்குக் கிடையாது. உண்மையைச் சொன்னால், அந்தச் சாங்கியத்தில் நம்பிக்கையும் இல்லை. சரியான கள்ளி. ஆனால் ஆசை மட்டும் நிஜம்.

கேமராமேன் அந்தோணிராஜ் அதற்குள் கேமராவுக்குப் பின்னால் போய்விட்டார்.

“ஆயுசு விஷயம்யா. பூசணிக்காய அப்படியே தள்ளிப் பிடி.”

ஜந்துவின் தலையை இரண்டு பேர் பிடித்து இழுத்தார்கள். பசை விடவில்லை. மூன்றாவது ஆளும் சேர்ந்து இழுத்த பிறகுதான் கழன்றது. முடி நெற்றியோடு ஒட்டியிருந்தது. கன்னத்தில் பச்சை ஜவ்வரிசி. எறும்பு கடித்த உதடு ஒரு பக்கம் வீங்கியிருந்தது. மேக்கப் பெண் துண்டோடு ஓடி வந்தாள். அந்தோணிராஜ் கையை ஆட்டித் தடுத்துவிட்டார்.

கேமரா ஓடியது.

“சிரிங்கக்கா.”

கழுத்து தானாகத் திரும்பிக்கொண்டது.

பதினோரு வருடப் பழக்கம். கேமரா எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் முகம் போகாது.

அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. கேட்டு வாங்கிவிட்டு இப்போது ஒளிந்துகொண்டால் எப்படி? குழாய்க் கைகளைத் தரையில் ஊன்றி, கழுத்தைத் திருப்பி, நேராகப் பார்த்தாள்.

லென்ஸின் கறுப்புக் கண்ணாடி. அதற்குள் ரொம்பச் சின்னதாக அவள்.

முதலில் ஒரு விக்கல் வந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. அதன் பின்னாலேயே அழுகையும் வந்தது. இரண்டையும் அவள் நிறுத்தவில்லை.

ஒரு சாங்கியச் சிரிப்புக்கு ஐந்து விநாடி போதும்.

இளஞ்செழியன் கட் சொல்லவில்லை. மானிட்டரைப் பார்த்துக்கொண்டே நின்றான். அப்புறம் அந்தோணிராஜைப் பார்த்தான். அவர் யாரும் கேட்காமலே அவள் முகத்துக்கு இன்னும் நெருங்கிப் போயிருந்தார்.

“கை சுடுதுய்யா,” என்றார் தங்கப்பாண்டி. யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை.

இளஞ்செழியன் கேமராவுக்குப் பக்கத்தில் வந்து மண்டியிட்டான். ரகசியம் போலப் பேசினான்.

“அக்கா, ஜந்துவோட நிஜ முகம் இதுதான், படத்துல வைக்கிறேன். சிரிப்ப மெதுவா நிறுத்துங்க. அவசரமில்ல. நீங்க சாகல, உயிர் இருக்கு. இப்ப மெதுவா மேல பாருங்க. உங்க கிரகத்துலேருந்து உங்களத் தேடி வர்றாங்க.”

எங்கே விழ வேண்டும் என்று மட்டும்தான் இதுவரை எல்லா டைரக்டர்களும் அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

அவள் மேலே பார்த்தாள்.