செக் பொயின்ட்டில் நிற்காத கார்

திரையில் "செக் பொயின்ட்" என்று எழுத்து வந்ததும் கனகசுந்தரம் பிரேக்கை மிதித்து, காரை ஓரங்கட்டினார்.

கூடவே சட்டைப் பைக்குள் கையை விட்டு அடையாள அட்டையையும் எடுத்துவிட்டார்.

வீடியோ விளையாட்டுக் கடை முழுவதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

அவரில் பிழையில்லை. கப்பல்துறைக்கும் திருகோணமலைக்கும் இடையில் வான் ஓட்டுகிறவர். நேவிக்காரரின் செக் பொயின்ட்டைக் கண்டால் கால் தானாகவே பிரேக்குக்குப் போகும். அப்படிப் போகாத கால்களை உடையவர்கள் இப்போது வான் ஓட்டுவதில்லை.

கடைக்காரர் ஸெய்னுதீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"இதுல நிக்கப்படாது அண்ணன். பாய்ஞ்சு போங்க! போனா நேரம் கூட்டித் தருவாங்க."

செக் பொயின்ட்டில் நேரம் தருவார்களா? கனகசுந்தரம் நம்பவில்லை.

அடுத்த ஓட்டத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு பாய்ந்தார். யாரும் சுடவில்லை. மேலே நேரம் கூடியது.

அதன்பிறகு மனிதரைப் பிடிக்க முடியவில்லை. சிவப்புக் கார் கடற்கரை வளைவில் பின்பக்கத்தை ஆட்டி ஆட்டிச் சறுக்கியது. பஸ்ஸில் மோதி, ஆகாயத்தில் குத்துக்கரணம் போட்டு, கீறல்கூட இல்லாமல் இறங்கி ஓடியது. ஒவ்வொரு செக் பொயின்ட்டைத் தாண்டும்போதும் அச்சில் போட முடியாத ஒரு சொல்லைச் சொன்னார். பின்னால் நின்றவர்கள் அதைப் பக்தியோடு திருப்பிச் சொன்னார்கள்.

முதலாவதாக வந்தார்.

"பெடல் உடைஞ்சிரும் போல," என்றார் ஸெய்னுதீன். "இப்படி அவசரப்பட்டு எங்க போறீங்க?"

"ஆஸ்பத்திரிக்கு."

கடை மறுபடியும் சிரித்தது.

"காலமை நேரத்துக்குப் போய்ச் சேர ஏலாமப் போச்சு, நானா. செக் பொயின்ட்டில வானை நிப்பாட்டி எல்லாரையும் இறங்கச் சொன்னாங்கள். என்ர மனிசிக்கு அந்த இடத்திலேயே பிள்ளை பிறந்திட்டுது. சோதிச்ச நேவிக்காரன்தான் தொப்பியால அவளுக்குக் காத்து விசுக்கினவன்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"பெட்டைப்பிள்ளை. ரெண்டு பேரும் சுகம். ஆஸ்பத்திரி வாட்டில படுத்திருக்கினம். பின்னேரம்தான் கேற்றைத் திறந்து என்னை உள்ளுக்கு விடுவினமாம்."

ஸ்டியரிங்கை மறுபடியும் பிடித்துக்கொண்டார். அடுத்த ஓட்டத்துக்குப் பெடலை மிதித்தார்.