ஒரே ஒயர்

ஜெராக்ஸ் கடையில் ஒரு ஸ்கேனர் இருந்தது. அதற்குத் தனியாகக் கரண்ட் ஒயர் கிடையாது. கம்ப்யூட்டரோடு பேசுவதும் சாப்பிடுவதும் ஒரே யுஎஸ்பி ஒயரில்தான். அந்த ஒயரைச் செருகியிருந்த, கம்ப்யூட்டரின் ஒரு துளையை நாலாகப் பிரித்துக் கொடுக்கும் ஹப்பில் முதலில் அது மட்டும்தான் இருந்தது. பிறகு முதலாளி பொன்னுரங்கத்தின் குட்டி ஃபேன் வந்தது. அப்புறம் அவர் மச்சினனின் போன். கடைசியாக, சாமி படத்தைச் சுற்றி மினுக்கும் சீரியல் லைட்.

அன்றிலிருந்து ஸ்கேனர் பாதி ஆதார் அட்டையோடு நின்றுபோக ஆரம்பித்தது.

பொன்னுரங்கம் கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டார். சாஃப்ட்வேரை அழித்துத் திரும்ப ஏற்றினார். கடைசியில் ஸ்கேனரின் மண்டையில் நாலு தட்டு தட்டினார்.

"அண்ணே, பசி உயிர் போகுது," என்றது ஸ்கேனர் ஹப்பிடம். "யாராவது ஒருத்தரைக் கொஞ்ச நேரம் எழுந்திருக்கச் சொல்லுங்களேன்."

"யாரைச் சொல்ல? ஃபேன் முதலாளிக்குக் காத்து வீசுது. போன் வீட்டம்மாவோட தம்பியோடது. லைட்டு சாமியோடது. உனக்கு யார் இருக்கா?"

"நான்தானே இங்க வேலை பார்க்கிறேன்?"

"அதைத்தான் நானும் சொல்றேன்," என்றது ஹப்.

சரி, கம்ப்யூட்டரிடமே முறையிடலாம் என்று ஸ்கேனர் வாயைத் திறந்தது. பட்டினியில் குரல் எழும்பவில்லை. 'ஸ்கேனர் எதுவும் இல்லை' என்று திரையில் வந்தது.

பொன்னுரங்கம் ஸ்கேனரைப் பிடுங்கிப் பழைய இரும்புக் கடையில் போட்டார். புது ஸ்கேனர் ஒன்றை வாங்கிவந்து அதே ஹப்பில் செருகினார்.

"வா தம்பி," என்று ஹப் வரவேற்றது. "உனக்கு முன்னாடி இங்க ஒருத்தன் இருந்தான். சரியான சோம்பேறி."